சான்றிதழ் தராதவர்

“சும்மா மழுப்பாதீங்க சார். எல்லாரும் குடுத்தாச்சு. உங்க பிள்ளையோட மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி” என்றாள் ஊழியர் நல அலுவலர்.

கிடங்குப் பொறுப்பாளர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை வளர்க்கும் ஊழியர்கள் கூடிப் பேச, புதன்கிழமைதோறும் கம்பெனி ஒரு மணி நேரம் ஒதுக்கியிருந்தது. மற்றவர்கள் வர இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

“அடுத்த வாரம் கண்டிப்பா தர்றேம்மா.”

“எட்டு மாசமா இதே பாட்டுதான். வேலைக்கு டிமிக்கி குடுக்க யாரோ இதுல புகுந்துட்டாங்கன்னு மேலிடத்துல பேச்சு. இன்னிக்குக் காகிதம் வரலேன்னா உங்க பேரை எடுத்துடுவேன்.”

கிடங்கில் அவர் நாள் முழுக்கப் பெட்டிகளோடு பெட்டியாகக் கிடக்க வேண்டும். வீட்டிலும் பேச்சுக்குரல் கிடையாது. வாரத்தில் நாலு மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவதை அவர் கேட்பது இந்த அறையில்தான்.

“நான் யாருக்கும் தொந்தரவு குடுக்கலியே. ஓரமா உக்காந்து கேட்டுட்டுத்தானே போறேன்.”

“அதான் எனக்குப் புரியல. மத்தவங்க அழறாங்க, சிரிக்கறாங்க. முடி வெட்டற கடையிலேர்ந்து பையன் துண்டோட தெருவுல ஓடின கதையை பேக்கிங் பிரிவு அக்கா நாலு தடவை சொல்லியாச்சு. நீங்க வாயே திறக்கறதில்ல. பையனா பொண்ணான்னுகூட யாருக்கும் தெரியாது.”

“பையன்.”

“எந்தப் பள்ளிக்கூடம்?”

“இப்பப் போறதில்ல.”

“அப்ப பகல்ல யார் பாத்துக்கறா? அவங்கம்மாவா?”

“அவங்கம்மா போன வருஷம் போய்ச் சேந்துட்டாங்க.”

அலுவலரின் குரல் இறங்கிவிட்டது. “ஐயோ, தெரியாம கேட்டுட்டேன் சார். அப்போ பிள்ளை தனியாவா இருக்கான்?”

“தனியாத்தான் இருக்கான்.”

“என்ன சார் நீங்க! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அரை நாள் வேலையாவது வாங்கிக் குடுத்திருப்பேனே. கிளம்புங்க, என் வண்டியிலயே போய்ப் பாத்துட்டு வந்துடலாம்” என்று கைப்பையை எடுத்தாள்.

அவர் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“எங்கேயும் போக வேண்டாம்மா. ஏழு வயசு வரைக்கும் பேச்சே வராத பிள்ளை. அவனை வளக்கறதுக்காக அவங்கம்மா ஒன்பது இடத்துல வேலையை விட்டாங்க. அங்கல்லாம் என்ன பாடு பட்டாங்கன்னு கடைசி வரைக்கும் அவன்கிட்ட மூச்சு விடல.”

“சரி சார், இப்ப அவன் எங்கதான் இருக்கான்?”

“நான்தாம்மா அந்தப் பிள்ளை” என்றார் அவர். “பேரை எடுத்துடுங்க, பரவாயில்ல; எங்கம்மா எங்கிட்ட சொல்லாம போனதையெல்லாம், இந்த அம்மாங்க பேசறப்போ கதவுக்கு வெளிய நின்னாவது கேட்டுட்டுப் போறேன்.”