பூஜ்யந்தான் வரும்

"எத்தனை தடவை சொல்றது! வர்க்கப்படுத்தாம கூட்டுனா பூஜ்யந்தான் வரும்!"

கதவைச் சாத்திக்கொண்டு போனில்தான் பேசினாள் சப்ரின். காரைக்குடியில் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. வெளியே நின்ற அம்மா ஷரபுன்னிசா தலையில் கை வைத்துக்கொண்டாள். இப்போதுதான் நிச்சயம் முடிந்திருக்கிறது. மாப்பிள்ளை அயாஸுக்குச் சார்ஜாவில் வேலை. மகளோ புள்ளியியல் படித்தவள். ஏதோ ஆபீஸ் பரீட்சைக்குப் பாடம் கேட்கிறார் போலிருக்கிறது. கேட்கட்டும். அதற்காக இப்படியா?

"உங்க வீட்டு பிரியாணியவே எடுத்துக்கங்க. ஒருநா உப்புக் கரிக்குது, ஒருநா சப்புன்னு இருக்கு. கூடுனதும் குறைஞ்சதும் சரியாப் போச்சுன்னு விட்டுருவீகளா? திங்கிறவுகளுக்குத் தெரியாது? அதுக்குத்தான் ஒவ்வொரு விலக்கத்தையும் வர்க்கப்படுத்திட்டு, அப்புறம் சராசரி எடுக்கணும்!"

'யா அல்லா! சம்பந்தியம்மா பிரியாணியையும் இழுத்துட்டாளே!'

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ராமுத்தாயின் தலை முளைத்தது. துணி எடுக்க வந்தாளாம். கொடியில் ஒரு துணியும் இல்லை.

"என்னக்கா, மாப்பிள்ளைக்கு இப்பவே மண்டகப்படியா?"

சப்ரின் வெளியே வந்ததும் ஷரபுன்னிசா பிடித்துக்கொண்டாள். "நிக்காஹ் நடக்கணுமா வேணாமாடி?"

"விலக்க வர்க்கச் சராசரி போடத் தெரியாம எப்படிம்மா பாஸாகுறது? பாஸாகட்டும், அப்புறம் கொஞ்சிக்கிறேன்."

சில வாரம் கழித்து, சொல்லாமல் கொள்ளாமல் பள்ளத்தூரிலிருந்து மாப்பிள்ளையின் அம்மா வந்து இறங்கினாள். முகமெல்லாம் வேர்வை, ஒரு பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். நிச்சய மோதிரம் திரும்பி வந்துவிட்டது என்றே ஷரபுன்னிசா முடிவு கட்டினாள். மதிலுக்கு மேலே தலை தயாராக இருந்தது.

"சம்பந்தி, சின்னப்புள்ள ஏதோ கத்திருச்சு. மனசுல வச்சுக்கிறாதீக!"

"அவ கத்தலைன்னா எனக்குப் பாடம் மண்டைல ஏறியிருக்குமா?" பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து நீட்டினாள் சம்பந்தி. "இந்த வயசுல பி.காமான்னு ஊரு சிரிக்கும்னு, யார்ட்டயும் சொல்லாதேன்னு நாந்தான் அவகிட்ட சத்தியம் வாங்கிருந்தேன். தபால்ல படிச்சு எழுதுன கணக்குப் பேப்பர் பாஸாயிட்டேன்! பிரியாணில உப்பு சரியா இருக்கான்னு ஏம் மருமகளப் பாக்கச் சொல்லுங்க."

நிக்காஹ் ஜாம்ஜாமென்று நடந்தது. அயாஸ் மட்டும் தனியாகச் சார்ஜாவுக்கு விமானம் ஏறினான்; சப்ரின் பள்ளத்தூரில்தான் இருக்கிறாள், மாமியாருக்கு இன்னும் ரெண்டு பேப்பர் பாக்கி.