அட்டிலியோவின் கைப்பக்குவம்

“இது பீட்சாவே இல்ல,” என்றாள் லொரெய்ன். கடையில் இருந்த நாலு பேருக்கும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னாள்.

எதிரே உட்கார்ந்திருந்த மகள் டெஸ், தன் துண்டை முடித்துவிட்டு அம்மாவின் தட்டைப் பார்த்தாள். “எனக்கு நல்லாத்தாம்மா இருக்கு. உனக்கு வேணாம்னா குடு.”

“உனக்கு என்னடி தெரியும்? அட்டிலியோ கைப்பக்குவம் அதுக்குள்ள மறந்துபோச்சா?”

ஓசோன் பார்க் பேட்டையில் அட்டிலியோ கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. எட்டு வயதில் தேவாலயத்தில் புதுநன்மைச் சடங்கு முடிந்த அன்று லொரெய்ன் அந்த வெள்ளை கவுனோடு நேராக இங்கேதான் வந்தாள். அன்று கவுனில் சிந்திய சாஸ் இன்னும் போகவில்லை. அவள் அம்மா அதைத் துவைக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறாள்.

பேஸ்பால் ஆட்டத்தில் ஜெயித்தாலும் பிள்ளைகள் இங்கே வருவார்கள், தோற்றாலும் இங்கேதான். துண்டை இரண்டாக மடித்துக் கடித்தால் எண்ணெய் முழங்கை வரை வழியும். அதை நக்கினால் வீட்டில் திட்டு விழும். நக்காமல் யாரும் வளர்ந்ததில்லை.

அட்டிலியோ சன்னலருகே ஏப்ரன் கட்டிக்கொண்டு நிற்பார். தெருவில் போகிற ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

போன டிசம்பரில், எண்பத்திரண்டு வயதில், கடையை அபெலார்டோ என்ற ஈக்வடார்க்காரரிடம் கொடுத்துவிட்டு அவர் மகள் வீட்டோடு போய்விட்டார். அபெலார்டோ யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சமையலறைக்குள் போனால் வெளியே வருவதுமில்லை. பேட்டைக்கு அவரைப் பிடிக்காமல் போக இது போதுமானதாக இருந்தது.

லொரெய்ன் அவரை வரவழைத்தாள்.

“சாஸை மாத்திட்டீங்களா?”

“இல்லம்மா.”

“மாவு?”

“அதேதாம்மா.”

“அப்ப ஏன் இப்படி இருக்கு?”

அபெலார்டோ அவள் தட்டில் இருந்த துண்டைக் குனிந்து பார்த்தார். “தெரியலம்மா,” என்றார்.

அன்று சாயங்காலமே லொரெய்ன் பேட்டையின் இணையப் பக்கத்தில் எழுதிவிட்டாள். ‘அட்டிலியோ போனார், அவர் ருசியும் போனது. வாயில் வைக்க முடியவில்லை. நம் குழந்தைப் பருவத்தையே கொன்றுவிட்டார்கள்.’

இருநூறு பேர் ஆமாம் போட்டார்கள். அதில் பாதிப் பேர் ஃபுளோரிடாவுக்குக் குடிபோய்ப் பத்து வருஷம் ஆகிறது.

உள்ளூரில் இருந்த மீதிப் பேர் கடைக்குப் போவதை நிறுத்தினார்கள். சனிக்கிழமை மதியமே நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் அபெலார்டோ கடையை மூட வேண்டியதுதான் என்று பக்கத்து சலூனில் பேசிக்கொண்டார்கள். சலூன்காரரும் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்றாவது வாரம் செய்தி பரவியது. அட்டிலியோ திரும்ப வந்துவிட்டார். ஏப்ரன் கட்டிக்கொண்டு சன்னலில் நிற்கிறார்.

லொரெய்ன் டெஸ்ஸை இழுத்துக்கொண்டு போனபோது வரிசை வாசலைத் தாண்டி நின்றது.

“வா லொரெய்ன், எப்படி இருக்க?” என்றார் அட்டிலியோ.

ஒரு கடி கடித்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. “இதுதான். இதுதான்டி நான் சொன்னது.”

“போன தடவை மாதிரியேதாம்மா இருக்கு,” என்றாள் டெஸ்.

“உன் நாக்கை ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்.”

சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தவள் அப்போதுதான் அட்டிலியோவைச் சரியாகப் பார்த்தாள். ஒரு கையால் சன்னல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னொரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டிருந்தார். லொரெய்னுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் துண்டோடு எழுந்து, தட்டு எடுத்துக்கொண்டு உள்ளிருந்து வந்த அபெலார்டோவை மறித்தாள்.

“உங்களுக்கு மனசாட்சி இருக்கா? எண்பத்திரண்டு வயசு மனுஷனை இழுத்துட்டு வந்து வேலை வாங்குறீங்க. தெரியாத தொழிலை எதுக்கு எடுத்தீங்க?”

அபெலார்டோ அட்டிலியோ பக்கம் திரும்பினார். “முதலாளி, கொஞ்சம் உக்காருங்க,” என்று மட்டும் சொன்னார்.

அட்டிலியோ உட்காரவில்லை. “இவன் என்னைக் கூப்பிடல லொரெய்ன். நானாத்தான் வந்தேன். வர வேணாம்னுதான் சொன்னான்.”

“அவருக்காகப் பரிஞ்சு பேசாதீங்க அங்கிள். உங்க கைப்பக்குவம் எல்லாருக்கும் வந்துடுமா?”

“எனக்கே வரலியே.”

லொரெய்னுக்குப் புரியவில்லை.

“கடை தொறந்த புதுசுல நான் போட்ட பீட்சாவை உங்கப்பா நாய்க்குப் போட்டாரு. அது மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு. அதுக்கப்புறந்தான் இவனைத் தேடிப் பிடிச்சேன். நீ அப்ப நடக்கக்கூட ஆரம்பிக்கல.”

“அப்படின்னா... இத்தனை வருஷமும்?”

“உள்ள அவன். வெளிய நின்னு ‘எப்படி இருக்க’ன்னு கேட்டது நான். எனக்கு அது நல்லா வரும்.”

லொரெய்ன் கையிலிருந்த துண்டைப் பார்த்தாள். எண்ணெய் முழங்கைக்கு வந்துவிட்டது. அவள் துடைக்கவில்லை.

“ஆனா மூணு வாரம் முன்னாடி வாயில வைக்க முடியல அங்கிள். இன்னிக்குத்தானே பழைய ருசி வந்திருக்கு?”

“சமைச்சது அன்னிக்கும் அவன்தான், இன்னிக்கும் அவன்தான்,” என்றார் அட்டிலியோ. “மூணு வாரத்துல இந்தக் கடைக்குப் புதுசா வந்தது என் மூஞ்சி மட்டும்தான்.”