உண்மையின் பக்கம்

"பசிச்ச வயித்துக்காகப் பொய் சொன்னா அதுல பாவமே இல்லலா," என்றாள் பஞ்சாலை.

"பொய்யில என்னக்கா நல்ல பொய்? எதுக்குச் சொன்னாலும் பாவம்தான்!" ஆக்னஸ் எகிறினாள்.

எஸ்டேட் கேட்டில் சோதனைக்காக வரிசை நின்றது. மலாயாவில் அவசரகாலம். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, முள்வேலியைத் தாண்டி ஒரு பிடி சோறுகூடக் கொண்டுபோகக் கூடாது. பால்மரப் பட்டையை வெட்டி ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களும் மத்தியானம் வரை பட்டினிதான்.

"புள்ளை பசியில அழுதா நீ பொய் சொல்ல மாட்டியா?"

"செத்தாலும் மாட்டேன்! மணியண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க."

காவலுக்கு நின்ற மணியத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அதுவரை அவரிடம் யாரும் நியாயம் கேட்டதில்லை, அவர் மனைவி உட்பட.

"ஆக்னஸ் சொல்றதுதான் சரி. எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு இங்க வேலையே இல்ல. நீ போம்மா," என்று கேட்டைத் திறந்துவிட்டார். பிறகு பஞ்சாலையை முறைத்தார். "பொய் சொன்னா பாவமில்லையா? வாளியைக் கவுத்து!"

வாளியைத் தட்டிப் பார்த்தார். தலைத்துணியை உதறச் சொன்னார். கத்தி சுற்றியிருந்த துணியைக்கூட மோந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. மனசில்லாமல் விட்டார்.

ரப்பர் மரங்களுக்குள் ஆக்னஸ் காத்திருந்தாள். தன் வாளியில் கிடந்த கந்தலை விலக்கி, அவித்த மரவள்ளிக்கிழங்கில் பாதியைப் பஞ்சாலையிடம் நீட்டினாள்.

"அக்கா, நாளைக்குக் கெழங்கு உன் வாளியில வரட்டும்," என்றாள், வாய் நிறைய மென்றபடி. "மணியண்ணன் சொன்ன நியாயத்தைக் கேட்டு, இன்னிக்கு நீ திருந்திட்டே."