செடிக்காக அணைந்த விளக்கு

இது என் அக்காவின் தோழி சொல்லி நான் கேட்டது. நடந்து ஒரு வருடமாகியும், சொல்லும்போது அவளுக்குக் கோபம் ஆறவில்லை.

அவளுக்கு ஓர் அச்சகத்தில் வேலை. அச்சுக்குப் போகும் முன் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்த வேண்டும். அந்த அறைக்குத் தலைமை, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒருவர். மேனேஜர் அம்மா எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அதனால் அவருக்கு அறையில் வைத்த பெயர் ஆமாஞ்சாமி.

ஆறு மணிக்கு முடிய வேண்டிய வேலை, எட்டைத் தொடாமல் முடியாது. குழந்தைகள் காப்பகமோ ஏழுக்கெல்லாம் பூட்டிவிடும்.

அன்று காப்பகத்திலிருந்து போன்.

"இனிமே ஒரு நாள் லேட்டானாலும் உங்க பொண்ண வெச்சுக்க முடியாதும்மா. வேற இடம் பாத்துக்குங்க."

"இந்த ஒரு தடவை மன்னிச்சுக்குங்க. நாளைலேர்ந்து கரெக்டா வந்துடறேன்." குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள். எதிர் மேஜையில் ஆமாஞ்சாமி குனிந்த தலை நிமிரவில்லை.

நேரே மேனேஜர் அறைக்குப் போனாள்.

"மேடம், தினமும் ஆறு மணிக்குக் கிளம்ப அனுமதி வேணும். குழந்தைய..."

"உனக்குக் குடுத்தா நாளைக்கு எல்லாரும் வரிசைல வந்து நிப்பாங்க." மேனேஜர் அம்மா, பக்கங்களோடு பின்னாலேயே வந்து நின்ற ஆமாஞ்சாமியைப் பார்த்தார். "என்ன சார் சொல்றீங்க?"

"நீங்க சொல்றது சரிதான் மேடம்."

அவள் வெளியே வந்து பக்கத்து மேஜைக்காரியிடம் பொரிந்து தள்ளினாள்.

"மத்தவங்களாவது விலாங்கு மாதிரி பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவாங்க. இந்த மனுஷன் வாலை ஆட்டுறது மட்டுந்தான்!"

மறுநாள் காலை மேனேஜர் அம்மா வழக்கம்போல அவர்கள் அறைக்கு வந்தார். அங்கே ஜன்னலோரம் அவருடைய செடி ஒன்று இருந்தது. கள்ளி வகைதான், ஆனால் முள் கிடையாது. தட்டைத் தட்டையான பச்சைத் துண்டுகள் சங்கிலி மாதிரி தொங்கும். அவருடைய அம்மா வளர்த்தது. அந்த அம்மா இருந்தவரை வருடக் கடைசியில் செடியே தெரியாத அளவுக்குப் பூக்குமாம். அவர் இறந்த பிறகு ஒரு மொட்டுகூட இல்லை.

"இந்த வருஷமும் ஏமாத்திடும் போல."

ஆமாஞ்சாமி எழுந்து வந்தார்.

"மேடம், எங்க வீட்டுல இதே செடி ரெண்டு இருக்கு. வருஷா வருஷம் பூக்குது. இதுக்கு ராத்திரி நீளமா வேணும். பொழுது சாஞ்சா ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. இங்க எட்டு மணி வரைக்கும் ட்யூப்லைட் எரிஞ்சா எங்கேர்ந்து மொட்டு விடும்?"

"அப்ப வேற ரூமுக்கு மாத்திடலாமா?"

"ஐயையோ! மொட்டு விடற நேரத்துல இடம் மாத்தினா வெக்கிற மொட்டும் கொட்டிடும். ஆறு மணிக்கு இந்த ரூம் லைட்ட அணைச்சுட வேண்டியதுதான்."

"வேலை என்னாகிறது?"

"மிச்சத்த நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்துடறேன் மேடம்."

மேனேஜர் அம்மா செடியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, செய்ங்க" என்றார்.

அன்று ஆறு மணிக்கு விளக்கு அணைந்தது. அவள் காப்பகத்துக்குப் போனபோது இன்னும் மூன்று குழந்தைகள் இருந்தன. கடைசிக் குழந்தையாக வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றது அன்று அவள் மகள் இல்லை.

ஆனாலும் மனசு ஆறவில்லை.

"பெத்த புள்ளைக்காகக் கேட்டா முடியாது. செடிக்குன்னா உடனே முடியுது!"

"அது யாரு வீட்டுச் செடி?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. "ஆமாஞ்சாமி இடம் பாத்துத்தான் தண்ணி ஊத்துவாரு."

அவர் தினமும் ஒரு கட்டுப் பக்கங்களைப் பையில் திணித்துக்கொண்டு போனார். காலையில் சிவந்த கண்ணோடு வந்தார். நல்ல பெயர் வாங்க என்ன பாடு என்று அறையே சிரித்தது.

வருடக் கடைசியில் செடி பூத்தது. நுனிக்கு நுனி ரோஸ் நிறம். மேனேஜர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லோரையும் கூப்பிட்டார்.

"சாரைப் பாத்துக் கத்துக்குங்க. அக்கறைன்னா இதுதான்!"

அவளால் பொறுக்க முடியவில்லை. படியிறங்கும்போது கேட்டேவிட்டாள்.

"ஏன் சார், ஒரு செடி மேல வெச்ச இரக்கத்துல கால்வாசி, அன்னிக்கு என் பொண்ணு மேல வெச்சிருக்கக் கூடாதா?"

"நீ கேக்கறது நியாயந்தாம்மா" என்று அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனாராம் அவர்.

பூ உதிர்ந்த பிறகும் அந்த விளக்கு ஆறு மணிக்கே அணைகிறது. அதற்குள் மேனேஜர் அம்மாவுக்கும் நேரத்தோடு வீட்டுக்குப் போய்ப் பழகிவிட்டது.

"ஜால்ரா போட்டாலும் அதுல ஒரு நல்லது நடந்துடுச்சு, போ!" என்று முடித்தாள் அக்காவின் தோழி.

எனக்கு மட்டும் அந்தச் செடி விஷயத்தில் ஒரு சந்தேகம். ஒரு நர்சரிக்காரரிடம் விசாரித்தேன். இருட்டு வேண்டும் என்பது நிஜம்தான். மொட்டு விடும் நேரத்தில் இடம் மாற்றக்கூடாது என்பதும் நிஜம்தான்.

"ஆனா அதுக்கு எதுக்குங்க ரூம் லைட்டையே அணைக்கணும்?" என்று அவர் சிரித்தார். "சாயங்காலம் ஒரு அட்டைப்பெட்டிய மேல கவிழ்த்தா போதுமே. வீட்டுல இந்தச் செடிய வருஷா வருஷம் பூக்க வெக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."