எலாய்சா வைத்த குழம்பு

மூக்கைப் பொத்திக்கொண்டு வெர்லின் அந்தச் சட்டியை மணலில் கவிழ்த்தார். பன்றிக்கறியும் மிளகாயும் கொழகொழவென்று வழிந்தன. சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் அதைப் பார்த்ததுமே ஓங்கரித்துக்கொண்டு தங்கள் வண்டிகளுக்கு ஓடினார்கள்.

“சே! இதெல்லாம் ஒரு சாப்பாடா? நாய்கூட மோந்து பார்க்காது,” என்றார் வெர்லின்.

சட்டிக்குச் சொந்தக்காரி எலாய்சா குனிந்து அதை நிமிர்த்தினாள். நியூ மெக்சிகோக்காரி. புருஷன் செத்த பிறகு, அவன் ஆசையாக வாங்கிய, அடுப்பும் கழிப்பறையும் உள்ளேயே இருக்கிற வீட்டு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு, முதல் தடவையாக இந்த அரிசோனாப் பாலைவனத்துக்குக் குளிர்காலம் கழிக்க வந்தவள்.

வடக்கே கொட்டுகிற பனிக்குப் பயந்து வருஷா வருஷம் இங்கே வந்து இறங்குகிற கிழட்டுக் கூட்டம் அது. வண்டிகளை வட்டமாக நிறுத்தி, நடுவில் நெருப்பு மூட்டி உட்காருவார்கள். மினசோட்டாக்காரர் வெர்லின்தான் தலைவர். அவர் சரி என்றால்தான் வட்டத்தில் இடம். வட்டத்தை விட்டு வெளியே போனால் கண்ணுக்கெட்டிய தூரம் கல்லும் கள்ளியும்தான். தனியாக ஒருத்தி விழுந்து கிடந்தாலும் ஏன் என்று கேட்க நாதியில்லை.

கொஞ்ச நாளாக வட்டத்தில் எல்லோருக்கும் வயிற்றுப்போக்கு. கண்றாவி! வண்டிக்கு வண்டி கழிப்பறைத் தொட்டி நிரம்பி, காற்று திரும்பும்போதெல்லாம் நாற்றம் குடலைப் பிடுங்கியது.

“எங்க எல்லாருக்கும் புடுங்கிக்கிட்டுப் போகுது. உனக்கு மட்டும் ஒண்ணும் ஆகலை. அது எப்படிடி?” என்று கேட்டாள் கனடாக்காரி நோரீன். பேசும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

“நானும் இதே சட்டியிலதானே சாப்பிட்டேன்?”

“உனக்குப் பழகின வயிறு!” என்று பாய்ந்தார் வெர்லின். “வந்த அன்னிக்கே உன் லட்சணம் தெரிஞ்சுபோச்சு. ரெண்டு குழம்பு வெச்சே. சிவப்புதான் காரம், பச்சையில காரமே கிடையாதுன்னே. நம்பிப் பச்சையை ஊத்திக்கிட்டேன், வாயே வெந்துபோச்சு!”

“ஐயோ, நீங்க ஊத்திக்கிட்டது சிவப்பைங்க...”

“எதிர்த்துப் பேசாதே! ஆமா, தண்ணியாவது ஒழுங்காப் பிடிக்கிறியா? சிவப்பு டேப் சுத்தின டியூப் கக்கூஸ் தொட்டி கழுவ. பச்சை டேப் சுத்தினது குடிதண்ணி பிடிக்க. ரெண்டும் ஒரே மாதிரி வெள்ளை டியூப், டேப்தான் அடையாளம். மாத்தி மாட்டி, அந்தத் தண்ணியிலதான் எங்களுக்குக் குழம்பு வெச்சியா?”

கூட்டம் மொத்தமும் “உவ்வே” என்றது. எலாய்சா ஓடிப்போய்த் தன் டியூப்கள் இரண்டையும் தூக்கிவந்து காட்டினாள். டேப் இரண்டும் பளிச்சென்று இருந்தன. வெர்லின் ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அவர் தன் வண்டி வாசலில் இருந்த பெரிய கண்ணாடி ஜாடியிலிருந்து எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தார். அடுப்பே வேண்டாம், பச்சைத் தண்ணீரில் டீப் பொட்டலத்தைப் போட்டு வெயிலில் வைத்தால் சாயங்காலத்துக்குள் சாறு இறங்கிவிடும். வட்டத்துக்குத் தினமும் அது அவருடைய உபயம்.

“நல்லாக் குடிங்க. வயித்தால போறப்ப உடம்புல தண்ணி வத்தக் கூடாது. எனக்கே நிக்க முடியலை, இதைக் குடிச்சுத்தான் சமாளிக்கிறேன்.”

நோரீன் மடமடவென்று குடித்துவிட்டு, இன்னொரு தடவை கோப்பையை நீட்டினாள். “இந்த மனசு யாருக்கு வரும்! ஜாய்ஸ் மட்டும் இங்க இருந்திருந்தா இந்த நாத்தத்தை ஒரு நாள் பொறுத்திருப்பாளா?” ஜாய்ஸ் வெர்லினின் மனைவி. மகளுடைய பிரசவத்துக்காகப் புத்தாண்டு கழிந்ததும் ஊருக்குப் போயிருந்தாள்.

நோரீனின் பார்வை எலாய்சா பக்கம் திரும்பியது. “இந்த மகாராணிக்கு நம்ம டீகூட ஆகாது. அவ வண்டியில அவ போட்ட காபிதான் இறங்கும். ஒட்டாத ஜென்மம்.”

“காலையில கிளம்பிடு,” என்றார் வெர்லின்.

எலாய்சா கெஞ்சினாள். “தனியா நான் எங்கேங்க போவேன்? இனிமே சமைக்கலை, சட்டியையே எடுக்கலை. ஒரு ஓரமா நிறுத்திக்கிறேன்.”

“உன்னைப் பார்த்தாலே குமட்டுது. கிளம்பு!”

மறுநாள் காலை பக்கத்து ஊர் எல்லையில், வண்டிக் கழிவைக் கொட்டுகிற இடத்தில் எலாய்சா நின்றிருந்தாள். தொட்டியைக் காலி செய்து தண்ணீர் பிடித்துக்கொள்ளாமல் யாரும் நெடுஞ்சாலை ஏற மாட்டார்கள். போவதற்கு ஓர் இடம் அவளுக்கு இன்னும் தோன்றவில்லை.

பின்னால் ஒரு வண்டி வந்து நின்றது. வெர்லின்! இங்கேயும் துரத்திக்கொண்டு வந்து திட்டப் போகிறாரா என்று பயந்துபோனாள்.

அவரோ அக்கம்பக்கம் பார்த்தார். ஆள் யாரும் இல்லை என்று தெரிந்ததும் அசட்டுச் சிரிப்போடு கிட்டே வந்தார். கைக்கு ஒன்றாக இரண்டு டியூப்கள்.

“ஏம்மா, ஒரு சின்ன உதவி. இன்னிக்கு டீ போடத் தண்ணி பிடிக்கணும். நீதான் போயிடப் போறியே, யார்கிட்டயும் சொல்ல மாட்டே.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஜாய்ஸ் இருந்தா அவளே எடுத்துக் குடுத்துடுவா. அவ போனதிலிருந்து குத்துமதிப்பாத்தான் மாட்டிக்கிட்டிருக்கேன்.”

இரண்டையும் அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“இதுல எது சிவப்பு?”