எங்கே வைத்தாலும் எட்டு

"ஒரே ஜாயின்ட்ல ரெண்டு ராடா? யார் காதுல பூ சுத்துற?"

சோதனை அதிகாரி மேசையைத் தட்டியதில் டம்ளர் துள்ளியது. எதிரே வெல்டர் நின்றிருந்தான். இரும்பையும் ஸ்டெயின்லெஸ்ஸையும் ராடை உருக்கி அவன் ஒட்டிய இந்த ஜாயின்ட் தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் இன்றோடு கேட்டுக்கு வெளியே.

"சத்தியமா ஒரே ராடுதான் சார்."

"பொய்! பாதியில மட்டமான ராடுக்கு மாத்தியிருக்க. நம்பரைச் சொல்லும்மா."

உலோகம் சோதிக்கும் துப்பாக்கியோடு நின்ற லேப் பெண் தயங்கினாள். "நிக்கல் நடுவுல பதினொரு சதவீதம். ஸ்டெயின்லெஸ் பக்கம் பத்து, இரும்புப் பக்கம் ஏழு. ஆனா சார், இரும்பும் உருகி ராடோட கலக்குமில்ல? அந்தப் பக்கம் நிக்கல் குறையத்தான் செய்யும்."

"எனக்கே பாடம் எடுக்கிறியா?"

அதிகாரி, காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த தகட்டைத் தூக்கினார். வெள்ளி பெயின்ட் அடித்த அந்தத் தகடு தொழிற்சாலைக்கே தெரிந்த பிரமுகர். இருபது வருடத்துக்கு முன் அதைக் காட்டித்தான் அவர் இந்த வேலையை வாங்கினார். புதிதாக வரும் யாரும் அதன் புராணத்தைக் கேட்காமல் தப்ப முடியாது.

"இதுவும் இரும்பும் ஸ்டெயின்லெஸ்ஸும்தான். என் கையால ஒட்டினது. ஜாயின்ட்ல மட்டும் பெயின்டைச் சுரண்டி, மூணு இடத்துல வச்சுப் பாரு!"

எட்டு. எட்டு. எட்டு.

"பார்த்தியா?" அதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "இதுதான்யா கைவேலை! எங்க வச்சாலும் ஒரே நம்பர்!"

வெல்டர் தகட்டையே பார்த்தான். வேலையும் போச்சு, மானமும் போச்சு. ஆனாலும் மனசுக்குள் ஏதோ அரித்தது.

"மேடம், ஜாயின்ட்டை விட்டுத் தள்ளி, வெறும் இரும்புல ஒருதடவை வச்சுப் பாருங்களேன். இரும்புல நிக்கலே இருக்காதுல்ல?"

"அதெல்லாம் எதுக்கு?" அதிகாரி கையை நீட்டுவதற்குள் அவள் ஓரத்தைச் சுரண்டிவிட்டாள்.

"எட்டு" என்றாள்.

மறு ஓரமும் எட்டு. தகட்டைப் புரட்டி, முதுகைக் குறுக்கே சுரண்டினாள். ஒட்டிய தடத்தையே காணோம்.

அதிகாரி திடீரென்று பேனாவைத் திறந்து, வெல்டரின் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். "சரி சரி, எல்லாரும் போய் வேலையைப் பாருங்க."

"நீங்க சொன்னது சரிதான் சார், எங்க வச்சாலும் ஒரே நம்பர்தான் வரும்" என்றான் வெல்டர், தாளைப் பத்திரமாக மடித்தபடி. "இதுல ஒட்டுறதுக்கு என்ன இருக்கு? இது முழுசா ஒரே தகடாச்சே!"