கோழி கண் மூடியபோது

"பைய யாருகிட்ட சார் குடுத்தீங்க? அதையாச்சும் சொல்லுங்க."

சிதம்பரம் பஸ் நிலையத்தில், காலியான பஸ்ஸுக்குள் நின்று புது கண்டக்டர் கேட்டார். சவரிராயன் யோசித்தார். வேலைக்குத் தினமும் வரும் பஸ்தான்; கடலூரில் ஏறியபோது வழக்கம்போல் உட்கார இடமில்லை. எல்லோரும் செய்வதுபோல, உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் மடியில் பையை வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அதுவரைதான் ஞாபகம்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளைன்னுதான் நெனைக்கிறேன்."

"பொடவை என்னா கலரு?"

சவரிராயன் பஸ்ஸின் கூரையைப் பார்த்தார். அங்கே எதுவும் எழுதியிருக்கவில்லை.

"அப்ப வழி பூரா எதைத்தான் சார் பாத்துகிட்டு வந்தீங்க?"

கோழியை. புதுச்சத்திரத்தில் ஒருவர் கூடையோடு ஏற்றிய கோழி. அது கண்ணை மூடும்போது இமை கீழேயிருந்து மேலே ஏறியது. இத்தனை வருஷம் ஞாயிறுதோறும் கோழி தின்றும் இது தெரியாமல் போச்சே என்று, பஸ் நின்ற பிறகும் அதையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். இதை எந்த வாயால் சொல்வது?

அதைவிடச் சொல்லக் கூசுவது இன்னொன்று. இன்னும் ஒரு மணி நேரத்தில் அவர் ஒரு கல்லூரியில் பேச வேண்டும். தலைப்பு, 'கண்ணைத் திறந்து வாழ்வோம்'. யாரும் கவனிக்காத அன்றாட அதிசயங்களை அவர் எடுத்த படங்கள் மொத்தமும் பையிலிருந்த கேமராவில். வாழ்க்கையில் முதன்முறையாக மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். மனைவி ஜான்சி மஞ்சக்குப்பம் பூராவும் சொல்லி வைத்திருந்தாள்.

காது சிவக்கக் கீழே இறங்கினார். டைம் கீப்பர் அறையோரம் ஒரு பெண்மணி அவருடைய பையோடு நின்றிருந்தார்.

"இந்தாங்க சார்."

போன உயிர் திரும்பியது. கையெடுத்துக் கும்பிட்டார். அதோடு விட்டிருக்கலாம். சுபாவம் விடவில்லை. இவ்வளவு கூட்டத்தில் என் முகத்தை எப்படி ஞாபகம் வைத்திருந்தீர்கள், நான் இந்தப் பக்கம்தான் வருவேன் என்று எப்படித் தெரிந்தது என்று அடுக்கினார். அந்தப் பெண்மணி சிரித்தார்.

"முன்னப்பின்ன தெரியாதவனுக்காக இவ்ளோ நேரம் நின்னிருக்கீங்க. எறங்கறப்ப பையக் குடுக்க மறந்துட்டீங்களாம்மா?"

"மறக்கல சார். ஒங்களப் பேசக் கூப்பிட்டிருக்கிற காலேஜு ஆபீஸுலதான் வேலை செய்றேன். நோட்டீஸுல போட்டோவப் பாத்ததும் நம்ம சாராச்சேன்னு ஆசையாதான் இருந்துச்சு. வருஷக்கணக்கா தெனம் நீங்க பை வெக்கிறது என் மடியிலதான். எறங்கறப்ப நானே நீட்டுவேன், வாங்கிட்டு விறுவிறுன்னு போய்டுவீங்க. இன்னிக்கு வேணும்னுதான் நீட்டாம எறங்குனேன், ஒரு தடவையாச்சும் என் மூஞ்சியப் பாப்பீங்கன்னு."